குருவியின் எடை

"மெதுவா நட. குதிச்சேன்னா காரியம் கெட்டுடும்," என்று பல்லைக் கடித்தார் கரிக்காரர். தெருத்தெருவாக வண்டி தள்ளிக் கரி நிறுத்து விற்கிறவர்.

மகள் தலையாட்டினாள். உடம்பைப் பார்த்து ஊரே அவளுக்கு வைத்த பெயர் குருவி.

போன வாரம் அவள் வகுப்பில் மயங்கி விழுந்தாள். எடை குறைந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. அனுப்பினால் மறுபடி சேர்ப்பார்களா? சட்டை கசங்காத எவரையும் கரிக்காரர் நம்பியதில்லை. அவர் வம்சத்தில் ஏழாம் வகுப்பை எட்டிப் பார்த்த ஒரே உயிர் குருவிதான்.

பள்ளி வராந்தாவில் எடை மெஷினோடு நர்சம்மா. பக்கத்தில் கணக்கு டீச்சர். பின்னால் பிள்ளைகளும் தாய்மார்களுமாக ஒரு வரிசை.

"வீட்ல யாருங்க முதல்ல சாப்பிடுவாங்க?" என்றாள் நர்சம்மா.

"வண்டி தள்ளுறவன் நான். அப்புறம் பசங்க. அப்புறம் இவளும் இவ அம்மாவும்."

"மிச்சம் இருக்குமா?"

"இருக்கும்போது இருக்கும்."

டீச்சர் குறுக்கிட்டாள். "மனக்கணக்குல புலியா இருந்தா. இப்ப பத்து மணிக்கே தூங்கி வழியறா. கூட்டல்கூட வரலை."

"ரெண்டு அடி போடுங்க டீச்சர்."

"அடிச்சா பசி போயிடுமா?"

குருவி மெஷினில் ஏறினாள்.

"முப்பத்திரண்டு. குறைச்சல்னு சொல்ல முடியாது," என்றாள் நர்சம்மா.

கரிக்காரர் மீசையைத் தடவினார். "என் பொண்ணு எலும்பு கெட்டி."

"அப்ப நீங்க கிளம்பலாம். எடை குறைஞ்ச பொண்ணுங்களுக்குத்தான் நாளையிலேர்ந்து காலையில முட்டையும் பாலும். சத்து மாத்திரையும் உண்டு."

மீசையில் இருந்த கை அப்படியே நின்றது. "வீட்டுக்கு அனுப்பிட மாட்டீங்களா?"

"யாரு சொன்னது? அவங்க உட்கார்ந்து படிக்கணும்னுதானே இவ்வளவும்."

"இந்த மெஷின் சரியில்லை. தராசு பிடிச்சே கை காய்ச்சுப் போனவன் சொல்றேன்."

"புது மெஷினுங்க ஐயா. அடுத்த ஆள் வாம்மா."

குருவி அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, இடுப்பில் கட்டியிருந்த துணிமுடிச்சை அவிழ்த்தாள். இரண்டு இரும்பு எடைக்கற்கள் மேஜைமேல் ணங்கென்று உட்கார்ந்தன. இரண்டிலும் இரண்டு கிலோ முத்திரை.

நர்சம்மா சிரிப்பை விழுங்கினாள். "சரி, நாலு கிலோ கழிச்சா இருபத்தெட்டு."

"இல்லைங்க, இருபத்தெட்டரை," என்றாள் குருவி. "மூணரைதான் கழிக்கணும்."

"ரெண்டு கல்லுலயும் ரெண்டு கிலோன்னுதானே இருக்கு?"

"அது அப்பா கரி நிறுக்கிற கல்லு. அடியில குடைஞ்சு கால் கால் கிலோ எடுத்துட்டாரு."

வரிசையில் அவரிடம் கரி வாங்குகிற பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். கரிக்காரர் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீச்சரிடம் சொன்னார்: "பார்த்தீங்களா டீச்சர், புலி இன்னும் உள்ளேதான் இருக்கு."