ஐபோன் வாணாம்

"அத எடுத்து உள்ளுக்கு வை மகள். எனக்கு வாணாம்."

புத்தம் புது ஐபோனை உம்மா ஷஹீமா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கட்டாரில் இருந்து லீவில் வந்திருந்த நிம்றாவின் முகம் வாடிவிட்டது.

அவள் கொண்டுவந்தது இரண்டு. உம்மாவுக்கு ஒன்று, வாப்பாவுக்கு ஒன்று. "இத எப்பிடித் தொறக்கிற?" என்று கேட்பதற்காகவாவது இருவரும் ஒருவரோடு ஒருவர் வாய் திறப்பார்கள் என்று பெரிய நம்பிக்கை அவளுக்கு.

கொட்டாஞ்சேனை வீட்டை உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டு, வெள்ளவத்தையில் இந்த அடுக்குமாடி பிளட்டை வாங்கினார் வாப்பா. அன்றைக்கு நின்ற பேச்சுத்தான். "சோறு ஆறுது" என்று உம்மா சுவருக்குச் சொல்வார். வாப்பா வந்து சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கொஞ்சம் கூட" என்று மின்விசிறிக்குச் சொல்வார். பேரப்பிள்ளை கண்ட வயதில் இதென்ன கூத்து! வெள்ளிக்கிழமை நிம்றா திரும்பிப் போகவேண்டும். அதற்குள் இருவரையும் பேசவைத்துவிட வேண்டும் என்று கிடந்து தவித்தாள்.

"உங்கட அன்ட்ரொய்ட் ஒரு கோல் எடுத்தாலே கொதிக்குது உம்மா. இதுல வருஷக்கணக்கா அப்டேட் வரும்."

"இதுல பெக் பட்டனே இல்லையே! உள்ளுக்குப் போனா எப்பிடித் திரும்பி வாற? தெஹிவளைக்கு பஸ் ஏறி பாணந்துறையில எறங்கின மாதிரி நான் முழிக்கவா?"

"கெமராவையாவது பாருங்களேன், என்ன வடிவு!"

"என்ட மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"வட்ஸ்அப் ஈக்குது, தொழுக நேரம் செல்ற எப் ஈக்குது. வேற என்னதான் கொற?"

உம்மா முந்தானை நுனியைத் திருகினார். "என்ட லூடோ?"

நிம்றாவுக்குச் சிரிப்பு வந்தது. "அட, அதுவும் ஈக்குது!" என்று உம்மாவின் பழைய போனை வாங்கிப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். "ஆனா நீங்க பேர் பதியாம சும்மா விளையாடி ஈக்கிறீங்க. அதெல்லாம் ஐபோனுக்கு வராது. புதுசாத்தான் தொடங்கோணும்."

"அப்ப அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

திரையில் ஒரு கிளிப் படம். 'பச்சைக்கிளி' என்று பெயர்.

"பின்னேரம் அஸர் தொழுதிட்டு நாங்க ரெண்டு பேரும்தான் விளையாடுற. அதுக்கு ஒரு மண்ணும் தெரியாது, தெனமும் என்னட்டத் தோக்கும்." உம்மாவின் கண் கலங்கியது. "அந்த நேரம் மட்டும்தான் மகள் நான் சிரிக்கிற. அத இல்லாமலாக்கிராத."

"அல்லாஹ்வே! ஆரெண்டே தெரியாத ஆளோடயா உம்மா?"

உம்மா எட்டிப் பார்த்தார். வாப்பா பல்கனியில் இருந்தார். உம்மாவின் குரல் தாழ்ந்தது.

"உங்கட வாப்பாதான்."

நிம்றா திரையில் இருந்த கிளியை மறுபடி பார்த்தாள்.

"ஒருநாள் தேத்தண்ணி வைக்கப் போனப்ப அவர்ட போன்ல கிளியக் கண்டன். எதிர்ல ஆடுறது நானெண்டு அந்த மனுசனுக்குத் தெரியாது. தெரிஞ்சா ரோசத்துல விட்டுருவார். செல்லிராத, என்ட தங்கம்!"

நிம்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மற்ற ஐபோனோடு பல்கனிக்குப் போனாள். வாப்பா பெட்டியைப் பார்த்ததுமே தலையாட்டினார்.

"எனக்கும் வாணாம் மகள். இந்தப் போன்ல ஒரு லூடோ ஓடுது. மாத்தினா அது போயிரும் எண்டு கடைக்காரன் செல்றான்."

"போனா என்ன வாப்பா? திரும்ப விளையாடலாம் தானே?"

வாப்பா சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மகளின் காதருகே குனிந்தார்.

"உம்மாட போன்ல லூடோ நம்பரக் களவாப் பார்த்து, நான்தான் பொய்ப் பேர்ல சேர்ந்தன். வீட்ட வித்ததுக்கு மன்னிப்புக் கேக்க வாய் வருதில்ல, அதான் தெனமும் வேணுமெண்டே தோத்துக்கொண்டு ஈக்கிறன். அவக்குத் தெரியாது, செல்லிராத."