கண்ணுக்குக் கீழே

ஸ்டுடியோவில் படங்களுக்கு டச்சப் செய்பவன் அவன். ஒரு அம்மா, இறந்துபோன தன் மகளின் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆஸ்பத்திரியில எடுத்தது தம்பி. வலியில அவ தூங்கவே இல்ல. அந்தக் கருவளையத்தை மட்டும் எடுத்துடுங்க."

கம்ப்யூட்டரில் நிழல்களை மட்டும் தேர்ந்தெடுத்து, இமைக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் ஏற்றினான். முகம் தெளிந்தது. மறுநாள் படத்தைத் திறந்தபோது கருவளையம் திரும்பியிருந்தது, முன்பைவிட அடர்த்தியாக. மறுபடி எடுத்தான். மறுபடி வந்தது. மூன்றாம் நாள் அந்த அம்மாவை வரவழைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னான்.

அவள் ஆச்சரியப்படவில்லை. திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவ போன அன்னிக்கு, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்னு வெளிய போயிருந்தேன். அந்த அஞ்சு நிமிஷத்துல போயிட்டா."

பிறகு திரையில் மகளின் நெற்றியை விரலால் தடவினாள். "அம்மா வந்துட்டேன் கண்ணு. இங்கதான் இருக்கேன். தூங்கு."

கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து படத்தைத் திறந்தார்கள். கருவளையம் இல்லை. மகளின் கண்கள் மூடியிருந்தன.

அவன் பிரிண்டரை ஆன் செய்யப் போனான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"சத்தம் வராம போட முடியுமா தம்பி?" என்று காதோடு கேட்டாள்.