நுவரெலியா அல்பம்

ஜவுபர் கொப்பித்தாள்களை வெறுந்தேத்தண்ணீரில் முக்கிக் காயவைத்தான். பத்து வருசத்துப் பழசு மாதிரியே பழுப்பேறிவிட்டன. அதில் இரண்டு பஸ் டிக்கட், தேயிலைப் பக்கட்டின் லேபல், காய்ந்த ரோசாப்பூ ஒன்று என்று ஒட்டி, உள்ளங்கையளவு அல்பமாகத் தைத்து முடித்தான்.

முதல் மாப்பிள்ளையோடு நுவரெலியாவுக்குப் பயணம் போய்வந்த ஞாபகம் என்று சுபைறா இப்படித்தான் ஒன்று வைத்திருந்தாள். அவர் மவுத்தாகி, ஜவுபரைக் கலியாணம் முடித்த பிறகும் அதை எடுத்தெடுத்துப் பார்ப்பாள். அவனுக்குப் பொறுக்கவில்லை. சூறாவளிக்கு மறுநாள் அதை அடுப்பில் போட்டுவிட்டு, காற்று கொண்டுபோய்விட்டது என்றான். ஏழு வருசமாக அவள் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவனைத் தின்றது.

“இஞ்ச பார் சுபைறா, உன்ட அல்பம்! பெட்டகத்துக்கு அடியில கிடந்திச்சி.”

சுபைறா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு ஒரு தாளை முகர்ந்து பார்த்தாள்.

“தேத்தண்ணியில முக்கினீங்களா?”

ஜவுபர் தலை குனிந்தான். “நான்தான் புள்ள அதை எரிச்சன்.”

“தெரியும். அடுப்புச் சாம்பல அள்ளினது நான்தானே.”

“நீ அவரோட போன பயணம்...”

“அவர் என்னை எங்க கூட்டிப் போனார்? ஊராக்கள் கேட்டாக் காட்டுறதுக்கு, நானும் இப்பிடித்தான் தேத்தண்ணியில முக்கிச் செஞ்சன். டிக்கட்டெல்லாம் என்ட கூடப்பிறந்த காக்கா பொறுக்கித் தந்தது.”

“அப்ப ஏன் அதை எடுத்தெடுத்துப் பார்த்த?”

சுபைறா அல்பத்தை மூடி அவன் கையில் வைத்தாள்.

“நீங்களாவது கூட்டிப் போவீங்க எண்டுதான்.”