யூதாஸ் வேடம்

இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் பதினோரு வருடமாக இயேசுவாக நடித்தவன் சந்தியாகு. தெருவில் அவன் எதிரே வந்தால் வயசானவர்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். யூதாஸாக நடிப்பவனைப் பிள்ளைகள் வருடம் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லியே கேலி செய்யும். அதனால் அந்த வேடத்துக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம்.

பன்னிரண்டாவது வருட நாடகத்துக்கு முந்திய தவக்காலத்தில்தான் சந்தியாகுவின் பால்ய சிநேகிதன் இன்னாசி சிறையிலிருந்து திரும்பியிருந்தான். வாய்க்கால் தகராறில் ஒருவனை வெட்டிவிட்டு ஆறு வருடம் உள்ளே இருந்தவன். ஒத்திகையைப் பார்க்க வந்து ஓரமாக நின்றவனை நாடகம் நடத்தும் கோயில் உபதேசியார் கவனித்துவிட்டார்.

"யூதாசுக்கு ஆள் தேடி அலைஞ்சோம். இந்தா, தானாவே வந்துட்டான்ல."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னாசி தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க, நடிக்கிறேன்" என்றான்.

சந்தியாகு தான் போட்டிருந்த அங்கியைக் கழற்றி அவன் தோளில் போட்டான். "இவன் சிலுவையைச் சுமக்கட்டும். யூதாஸ் நான்."

"கிறுக்காடா உனக்கு? ஊரே காறித் துப்பும்" என்றான் இன்னாசி.

"துப்பட்டும். உன்னைத் துப்புனது போதும்."

நாடகத்தன்று, காட்டிக்கொடுக்கும் முத்தத்துக்காகச் சந்தியாகு நெருங்கியபோது கூட்டத்திலிருந்து பறந்து வந்த கல் அவன் நெற்றியைக் கிழித்தது. அவன் நிற்கவில்லை. போய் இன்னாசியின் கன்னத்தில் முத்தமிட்டான்.

அடுத்த வசனம் இன்னாசியுடையது: "நண்பனே, எதற்காக வந்தாய்?"

"நண்பனே..." என்றான். கையை நீட்டி, சந்தியாகுவின் நெற்றியில் வழிந்த ரத்தத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். மீதி வசனத்துக்காகக் கூட்டம் காத்திருந்தது.