தண்ணீர் எடுக்க வந்தவர்

தையல்காரி ஒரே மடக்கில் டம்ளரைக் காலி செய்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இதையா குடிக்கிறீங்க?" சுற்றுச்சூழல் ஆய்வுக்காகத் தண்ணீர் எடுக்க வந்த அதிகாரி திகைத்துப் போனார். குழாயின் வாயைச் சுற்றி மஞ்சள் கறை அப்பியிருந்தது.

"வேற என்ன பண்றது? எங்களுக்குப் பழகிடுச்சு சார்."

"பக்கத்துல கிணறு எதுவும் இல்லையா?"

"இருந்தா இதை ஏன் சார் குடிக்கிறோம்?" என்று குறுக்கே புகுந்தான் அவள் கொழுந்தன். ஊரில் அவனுக்கு வக்கீல் என்று பெயர். சட்டமெல்லாம் படித்ததில்லை, வாய் மட்டும்தான்.

அதிகாரி பாட்டில்களை நிரப்பி இறுக்கி மூடினார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. யுரேனியச் சுரங்கம் வர்றதுக்கு முன்னாடி உங்க தண்ணி எப்படி இருந்துச்சுங்கறது ரொம்ப முக்கியம். மத்த எல்லாமே இதை வெச்சுத்தான்."

"சத்தியமா இதைத்தான் சார் குடிக்கிறோம்."

கூடி நின்ற தெருவே தலையாட்டியது.

ஜீப் திருப்பத்தில் மறைந்ததுதான் தாமதம், அவள் சுவரோரம் ஓடி வாந்தி எடுத்தாள். அந்தக் குழாய், யுரேனியம் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் பூமியில் துளை போட்டு, அப்படியே விட்டுப் போனது. அந்தத் தண்ணீரை ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

வக்கீல் அவள் வீட்டுப் பின்பக்கம் போய் விறகுக் குவியலையும் தகரத்தையும் தள்ளினான். அடியில் கிணறு. தெரு மொத்தமும் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான், கல்கண்டு தோற்றுப்போகும்.

"வாயைக் கொப்பளிங்க அண்ணி. என்னமா நடிச்சீங்க!"

"நடிப்பு கிடக்கட்டும். சுரங்கக்காரங்க நிஜமாவே விட்டுட்டுப் போயிடுவாங்களாடா? இந்தக் கிணறு போச்சுன்னா நாம இங்க இருந்து என்ன பிரயோஜனம்?"

"தண்ணி இப்பவே விஷம்னு ரிப்போர்ட் வரட்டும். இதுக்கு மேல இந்த ஊர் தாங்காதுன்னு அவங்களே மூட்டையைக் கட்டிடுவாங்க. நான் சொல்றேன்ல?"

மழைக்காலம் முடிந்ததும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மைக்கைப் பிடித்தவர் அதே அதிகாரி. "சுரங்கத்துக்கு அனுமதி கெடச்சிருச்சு" என்றார்.

தையல்காரி எழுந்தாள். "எங்க தண்ணி எவ்வளவு மோசம்னு நேர்லயே பாத்தீங்களே சார்! அப்புறம் எப்படி?"

"அதனாலதாம்மா வேலை சுலபமா முடிஞ்சுது. நீங்க இப்ப குடிக்கிறதைவிடத் தண்ணி மோசமாகக் கூடாது. அது ஒண்ணுதான் நிபந்தனை. அந்த அளவு வரைக்கும் சுரங்கத்துக் கழிவுத் தண்ணி நிலத்துல இறங்கினா தப்பில்ல."

அவளுக்குக் கிணறு என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் சத்தியம் செய்தவளே அவள்தானே, இனி யார் நம்பப்போகிறார்கள்? திரும்பிப் பார்த்தாள். வக்கீல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புள்ளைங்க குடிக்கிற தண்ணி சார்..." என்றாள்.

அதிகாரி நல்ல மனிதர். மேடையை விட்டு இறங்கி வந்து, கனிவாகச் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா, உங்களுக்குத்தான் பழகிடுச்சே!"