குனியக்கூடாதவன்

வலியை மழுங்கடிக்கும் மின்கருவியைச் சேவியரின் முதுகுத்தண்டில் நிரந்தரமாகப் பதித்து, தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பார்க்க வந்த தங்கமாரிக்கு, அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததே பிடிக்கவில்லை. ஒரே டிப்போவில் பஸ் ஓட்டி, ஒரே மாதிரி இடுப்பைத் தொலைத்தவர்கள் இருவரும். முதலில் சோதனைக்காக இருவருக்கும்தான் அந்தக் கருவியின் கம்பியை வைத்துப் பார்த்தார்கள். சேவியரின் வலி அதற்குக் கேட்டது, தங்கமாரியின் வலி கேட்கவில்லை.

“வலி எப்படி மாப்ள?”

“லேசா இருக்கத்தான்டா செய்யுது” என்றான் சேவியர்.

பொய். வலி உள்ளவன் இத்தனை நேரம் அசையாமல் உட்காரமாட்டான். இரக்கப்பட்டுச் சொன்ன அந்தப் பொய்தான் தங்கமாரியை எரித்தது.

சேவியரின் மடியிலிருந்த, கருவியை இயக்கும் ரிமோட் நழுவிக் கட்டிலுக்கடியில் போனது.

“எடுத்துக் குடுடா. குனிஞ்சா கம்பி நகர்ந்திரும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“குனியறதுக்கு நல்ல ஆளாப் பாத்தடா. உன் பொண்டாட்டி எங்க?”

“தண்ணி லாரி வந்திருக்கு.”

தங்கமாரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பாதியிலேயே இடுப்பிலிருந்து குதிகால்வரை தீ ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கையை விட்டு எடுத்தான். சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது. கருவியின் வேகத்தைக் கூட்ட ஒரு பொத்தான், குறைக்க ஒரு பொத்தான்.

“கிடைச்சுதா மாப்ள?”

அவன் முகத்துக்கு நேரே சேவியரின் கால்கள், சின்னப்பிள்ளையின் கால்கள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

“தேடிக்கிட்டிருக்கேன்” என்றான் தங்கமாரி. அவன் கட்டைவிரல் குறைக்கிற பொத்தானின் மேல் இருந்தது.