நீலக் கோப்பைகள்

சமையலறையில் மறுபடியும் கோப்பை உடையும் சத்தம். நீலக் கோப்பைதான் என்று மருமகளுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"கை தவறிடுச்சும்மா," என்றாள் மாமியார்.

மருமகள் கணவனிடம் பொரிந்து தள்ளினாள். "வெள்ளைக் கோப்பைன்னா மட்டும் உங்க அம்மாவுக்குக் கை தவறாதா? நீலம் எங்க அம்மா வாங்கித் தந்தது! நான் குப்பையைப் பொறுக்கி மயில் சிலை செய்யறது அவங்களுக்குப் பிடிக்கல. உடைச்சதும் போதாம, சில்லையெல்லாம் என் பட்டறைக் கூடையிலயே கொட்டிக் குத்திக்காட்டறாங்க."

"வயசானவங்க, விடேன்."

அவள் விடவில்லை. மறுநாள் கதவிடுக்கில் நின்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். மாமியார் ஒரு நீலக் கோப்பையைத் துணியில் சுற்றி, சுத்தியலால் பதமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"கையும் களவுமா மாட்டினீங்களா அத்தை?"

மாமியார் திருதிருவென்று விழித்தாள். பிறகு அவளுக்கே கோபம் வந்துவிட்டது.

"வேற என்னதான் பண்ணச் சொல்ற? உடைஞ்சதை, தூக்கிப் போட்டதைத்தான் ஒட்டுவேன், முழுசா இருக்கறதைத் தொடமாட்டேன்னு நீதானே பிடிவாதம் பிடிக்கிற! அதுக்காகத் தோகையில நீலமே இல்லாம ஒரு மயிலா? பார்க்கச் சகிக்கலடி!"